பெரிய கால் பல்லியும் அதன் சின்ன மூதாதைகளும்

கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குள், ஒரு டைனோசர் எலும்புக்கூடு நிற்கிறது. கணக்குப் போடுகிற இடத்தில் டைனோசருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பி. சி. மகலனோபிஸ், புள்ளியியல் ஒரு மூலையிலும் இயற்கை அறிவியல் இன்னொரு மூலையிலும் கிடக்கக் கூடாது என்று நினைத்தவர். 1950களின் பிற்பகுதியில் லண்டனிலிருந்து பமீலா ராபின்சன் என்ற தொல்லுயிரியலாளரை வரவழைத்து, நிறுவனத்துக்குள்ளேயே ஒரு நிலவியல் பிரிவு உருவாக வழி செய்தார். அந்தப் பிரிவினர் தோண்டப் போன இடம் பிராணஹிதா–கோதாவரி பள்ளத்தாக்கு.

தெலங்கானா–மகாராஷ்டிரா எல்லையை ஒட்டிய அந்தப் பகுதியில் போச்சம்பள்ளி என்று ஓர் ஊர். (சேலைக்குப் பேர்போன போச்சம்பள்ளி வேறு, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியும் வேறு.) 1960, 1961 வாக்கில் அந்த ஊர்ப்பக்கத்துப் பாறையிலிருந்து எலும்புகள் கிடைத்தன. ஒன்றிரண்டு அல்ல, ஏறக்குறைய 300. குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. கல்லாகிப்போன பெரிய பெரிய மரத்தண்டுகளோடு கலந்து சிதறிக் கிடந்தன. பெருவெள்ளம் ஒன்று மரங்களையும் விலங்குக் கூட்டத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்து போட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

தொடையெலும்பு ஒன்று மட்டுமே 1.7 மீட்டர், அதாவது ஒரு ஆள் உயரம். பெயரும் அதிலிருந்தே வந்தது. வங்காளத்தில் ‘பரா’ என்றால் பெரிய, ‘பா’ என்றால் கால். அதோடு, கிரேக்கத்தில் பல்லியைக் குறிக்கும் ‘சாரஸ்’ சேர்ந்து பராபாசாரஸ் ஆயிற்று. 1961 தாகூரின் நூற்றாண்டு. மகலனோபிஸ் தாகூருக்கு நெருக்கமானவர் வேறு. ஆகவே முழுப்பெயர் பராபாசாரஸ் டாகோரை. ஒரு கவிஞரின் பெயரைச் சுமக்கும் டைனோசர் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஜெயின், குட்டி, ராய் சவுத்ரி, சாட்டர்ஜி ஆகிய நால்வரும் 1975-இல் இதை முறைப்படி அறிவித்தார்கள். தலையிலிருந்து வால் நுனிவரை சுமார் 14 மீட்டர் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். ஒரு டவுன் பஸ்ஸைவிட நீளம்.

குழந்தைகளை ஒரு டைனோசர் வரையச் சொன்னால் பாதிப் பேர் வரைவது இந்த வகையைத்தான்: தூண் போல நான்கு கால், பீப்பாய் உடல், நீளக் கழுத்து, நீள வால், கழுத்து நுனியில் ஒரு சின்னத் தலை. இந்த வகைக்கு சாரோபாட் என்று பெயர். அமெரிக்கரான ஓ. சி. மார்ஷ் 1878-இல் வைத்த பெயர் அது. பல்லிப் பாதம் என்று பொருள். தரையில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவை இவைதான். யானை கிட்டத்தட்ட 6 டன் என்றால், பெரிய சாரோபாட்கள் 50 டன்னைத் தாண்டின.

சரி, இவ்வளவு பெரிய விலங்கு எங்கிருந்து வந்தது? திடீரென்று முளைத்திருக்க முடியாதே.

மார்ஷ் காலத்தில் கிடைத்த சாரோபாட்களில் பெரும்பாலானவை ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவை. அப்போதே அவை முழு வளர்ச்சி அடைந்த பூதங்கள். அவற்றுக்கு முந்தியவை என்று சொல்லக் கிடைத்தவை உடைந்த துண்டுகளே. பராபாசாரஸ் அந்தப் பூதங்களைவிடச் சில கோடி ஆண்டுகள் பழையது. ஜுராசிக்கின் முற்பகுதியிலோ நடுப்பகுதியின் தொடக்கத்திலோ வாழ்ந்தது. அவ்வளவு பழைய சாரோபாட் ஒன்றின் முதுகெலும்பு, இடுப்பு, கால் எல்லாம் இத்தனை எண்ணிக்கையில் கிடைத்தது அன்றைக்குப் பெரிய விஷயம்.

கொள்ளுத்தாத்தா இறைச்சி தின்றது

பராபாசாரஸிலிருந்து பின்னோக்கி நடந்தால், 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டிரயாசிக் காலத்தில் போய் நிற்போம். கண்டங்கள் எல்லாம் பாஞ்சியா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலம். இன்றைய பிரேசிலின் தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் அந்தக் காலத்துச் சிவப்புப் பாறைகள் இருக்கின்றன. அங்கே கிடைத்து 2016-இல் பெயர் பெற்றது புரியோலெஸ்டிஸ்.

இரண்டு கால், மெலிந்த உடல், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், அதிலும் பெரும்பகுதி வால். கழுத்து ஒன்றும் நீளமில்லை. பற்கள் பின்னோக்கி வளைந்து, விளிம்பில் பொடிப் பொடி ரம்பப்பல்லோடு இருந்தன. இறைச்சி அறுக்கும் பல். பூச்சிகளையும் சின்னஞ்சிறு விலங்குகளையும் துரத்திப் பிடித்துத் தின்றது. அதன் மூளைக்கூட்டை ஸ்கேன் செய்து 2020-இல் பார்த்தபோது, ஓடும் இரையின்மேல் பார்வையை நிலைநிறுத்த உதவும் பகுதி பெரிதாகவும், மோப்பத்துக்கான பகுதி சிறிதாகவும் இருந்தன. கண்ணை நம்பி வேட்டையாடிய விலங்கு என்று முடிவு கட்டினார்கள்.

இதையா தாவரம் தின்னும் ராட்சதர்களின் குடும்பத்தில் சேர்க்கிறார்கள்? ஆமாம், இதைத்தான். சொந்தம் பார்ப்பது பருமனையோ சாப்பாட்டையோ வைத்து அல்ல. மூக்கும் காது மடலும் தாத்தாவைப் போல இருக்கிறது என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போல எலும்பில் உள்ள சின்னச் சின்ன அடையாளங்களை வைத்துத்தான். புரியோலெஸ்டிஸின் கீழ்த்தாடை நுனி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இறைச்சி தின்னும் டைனோசர்களிடம் அது கிடையாது. நீளக் கழுத்து டைனோசர்களின் கிளையில் திரும்பத் திரும்ப வரும் அடையாளம் அது. இதுபோல இன்னும் சில சேரும்போது சொந்தம் உறுதியாகிறது. அந்தப் பெரிய கிளைக்கு சாரோபோடோமார்ஃபா என்று பெயர். சாரோபாட்களும், அவற்றுக்கு முந்திக் கிளைத்துப் போன பங்காளிகளும் சேர்ந்த குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அர்ஜென்டினாவின் இஸ்சிகுவாலாஸ்டோ பள்ளத்தாக்கில் கிடைத்த இயோராப்டரின் கதை இன்னும் சுவை. 1993-இல் அறிவித்தபோது அதை இறைச்சி தின்னும் கிளையில் வைத்தார்கள். பெயரே ‘விடியல் வேட்டைக்காரன்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. 2011-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள், இல்லை, இது நீளக் கழுத்துக் குடும்பத்தின் ஆள் என்று இடம் மாற்றினார்கள். அதன் வாயைப் பார்த்தால் குழப்பத்தின் காரணம் புரியும். பின்வரிசைப் பற்கள் கத்தி போல வளைந்தவை. முன்வரிசைப் பற்கள் இலை வடிவம். வேப்பிலையின் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படிப் பெரிய பெரிய வெட்டுகள். இலை தழையைக் கிழிக்க ஏற்றது அது. கறியும் உண்டு, கீரையும் உண்டு என்று இருந்திருக்க வேண்டும். அதே பள்ளத்தாக்கில் கிடைத்த இன்னொரு உறவுக்கு 2009-இல் பான்பேஜியா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் தின்பது என்று அர்த்தம்.

தாவரத்துக்கு மாறியது ஒரே நாளில் நடக்கவில்லை என்பதை இந்த வாய்களே சொல்கின்றன. வேட்டை, அப்புறம் கலப்புச் சாப்பாடு, அப்புறம்தான் முழுச் சைவம். காட்டில் தழைக்குப் பஞ்சமில்லை, அதைத் தின்ன ஆள் குறைவு என்கிற நிலை இருந்தால், கொஞ்சம் தழையும் செரிக்கக்கூடிய உடலுக்கு அது லாபம்தானே.

கழுத்து முதலில், கனம் பிறகு

ராட்சத உடல் வந்த பிறகு, உயரமான மரத்தை எட்டுவதற்காகக் கழுத்து நீண்டது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். பாறை வேறு கதை சொல்கிறது. அதே ரியோ கிராண்டே டோ சுல்லில், புரியோலெஸ்டிஸைவிடச் சுமார் 80 லட்சம் ஆண்டுகள் பிந்திய அடுக்கில் மாக்ரோகோலம் கிடைத்தது. மூன்று எலும்புக்கூடுகள், பக்கத்தில் பக்கத்தில். 2018-இல் அறிவித்தார்கள். பெயருக்கே நீளக் கழுத்து என்றுதான் பொருள். இதன் கழுத்து முன்னோருடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். உடலோ மூன்றரை மீட்டர்தான், நடை இன்னும் இரண்டு காலில்தான். ஆக, கழுத்து நீண்டபோது ராட்சத உடல் இல்லவே இல்லை.

இந்தக் கட்டத்தின் பிரபல முகம் பிளாட்டியோசாரஸ். ஜெர்மனியில் நியூரம்பர்க் பக்கம் 1834-இல் எலும்புகள் கிடைத்து, 1837-இல் ஹெர்மன் ஃபோன் மேயர் பெயர் வைத்தார். அப்போது ‘டைனோசர்’ என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. ஜெர்மனியின் டிராசிங்கன், ஹால்பர்ஸ்டாட், சுவிட்சர்லாந்தின் ஃபிரிக் ஆகிய இடங்களில் பிற்பாடு ஏராளமாகக் கிடைத்தது. 5 முதல் 10 மீட்டர் வரை நீளம். ஒரே வயதுள்ளவற்றிலேயே ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக வளர்ந்திருக்கின்றன.

பிளாட்டியோசாரஸை நான்கு காலில் நடப்பதாகப் பழைய படங்களில் பார்க்கலாம். அது தப்பு. உங்கள் இரண்டு கைகளையும் தட்டுவதற்குத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா? இப்போது கையைத் திருப்பி உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வையுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின்மேல் குறுக்காகப் புரள்வதால்தான் நம்மால் இது முடிகிறது. பிளாட்டியோசாரஸின் முன்கை எலும்புகள் அப்படிப் புரளாது. எலும்புகளை வைத்தே 2007-இல் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எப்போதும் கைதட்டும் நிலைதான். கையைத் தரையில் ஊன்றவே முடியாத விலங்கு நான்கு காலில் எப்படி நடக்கும்?

பின்னால் வந்த சாரோபாட்கள் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்தன. முழங்கைப் பக்கத்தில் எலும்புகள் பொருந்தும் விதம் மாறி, உள்ளங்கை பின்னோக்கித் திரும்பி, கை காலாயிற்று. பிடிக்கும் வேலையைக் கைவிட்டு, தாங்கும் வேலையை எடுத்துக்கொண்டது.

பழைய புத்தகங்களில் பிளாட்டியோசாரஸ் போன்றவற்றை ‘புரோசாரோபாட்’ என்று ஒரு கட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள், அதாவது சாரோபாட்களுக்கு முந்தியவை. இன்று அந்தப் பெயரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். காரணம் எளிது. பிளாட்டியோசாரஸ் பராபாசாரஸுக்குத் தாத்தா இல்லை, ஒன்றுவிட்ட பெரியப்பா. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து, தன் வழியில் போய், தன் வழியிலேயே அழிந்துபோனது. இப்படி வெவ்வேறு தலைமுறையில் பிரிந்த பெரியப்பா, சித்தப்பா எல்லோரையும் சேர்த்து ‘முன்னோர்’ என்று சொன்னால் வம்சாவளி தப்பாகிவிடும் அல்லவா? எனினும் அந்தப் பெரியப்பாவைப் பார்த்தால் தாத்தா எப்படி இருந்திருப்பார் என்று ஓரளவு தெரியும். இந்தத் துறையில் ‘முன்னோர்’ என்று எங்கே படித்தாலும், இந்தத் தலைப்பில் என்னையும் சேர்த்துத்தான், இந்தச் சலுகையோடு படியுங்கள்.

ஒரே பள்ளத்தாக்கில் பல படிகள்

மறுபடி கோதாவரிக்கு வருவோம். பிரேசில், ஜெர்மனி என்று ஊர் ஊராகத் தேட வேண்டிய படிகளில் பலவும் இந்த ஒரே பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. உலகத்தில் இப்படி வாய்த்த இடங்கள் குறைவு. ஆனாலும் இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை என்பது என் குறை.

கீழே இருப்பது மலேரி அடுக்கு, டிரயாசிக் காலத்தது. (கொசுக் காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஊர்ப் பெயர்.) அதன் மேல்பகுதியில் நம்பாலியா, ஜக்லபள்ளிசாரஸ் என்ற இரண்டு கிடைத்தன, இரண்டுக்கும் ஊர்ப் பெயர்தான். 2011-இல் அறிவித்தார்கள். சில மீட்டர் நீளமுள்ள, அவ்வளவாகப் பருக்காத விலங்குகள். அதற்கு மேலே தர்மாரம் அடுக்கு. அங்கே ஜுராசிக்கின் தொடக்கத்தைச் சேர்ந்த லாம்ப்லூசாரா கிடைத்தது. ஏறக்குறைய 10 மீட்டர், கனத்த உடம்பு. 2007-இல் பெயர் வைத்தவர்கள், பமீலா லாம்ப்லூ ராபின்சனின் நடுப்பெயரை அதற்கு வைத்துத் தங்கள் நன்றியைச் சொன்னார்கள். அதற்கும் மேலே கோட்டா அடுக்கு. அதில்தான் பராபாசாரஸ்.

கோட்டா அடுக்கில் இன்னொன்றும் உண்டு. யாமன்பள்ளி என்ற ஊரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் தோண்டியெடுத்த 840 எலும்புகள், குறைந்தது 12 விலங்குகளுடையவை. பி. யாதகிரி 1988-இல் அதற்கு கோட்டாசாரஸ் என்று பெயர் வைத்தார். 9 மீட்டர் நீளம். பராபாசாரஸைவிடப் பழைய பாணி எலும்புகள். அதாவது சாரோபாட் ஆகிவிட்டது, ஆனால் பழைய வீட்டுச் சாமான்கள் சிலவற்றை இன்னும் தூக்கிப்போடவில்லை. ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்பது இதுதான். விடுமுறைக்கு ஹைதராபாத் போகிறவர்கள் பிரியாணிக்கும் சார்மினாருக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இதே யாதகிரிதான் அய்யாசாமியோடு சேர்ந்து நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸை அறிவித்தவர். அது இந்தக் குடும்பத்தின் கடைசிக் காலத்து வாரிசு என்று இப்போது கருதப்படுகிறது. 2 மீட்டர் நீளக் காலெலும்பு என்று எழுதி வைத்தார்கள். பிறகு எலும்புகள் பொடிந்துபோயின. பெரிய இழப்பு.

இந்தக் குடும்பத்தைப் படிப்படியாகப் பார்க்கும்போது இடுப்பைக் கவனியுங்கள். இடுப்பெலும்போடு ஒட்டிப் பிணைந்த முள்ளெலும்புகள்தான் உடலின் பாரத்தைக் கால்களுக்குக் கடத்துகின்றன. பழைய ஊர்வனவற்றில் இவை 2. பிளாட்டியோசாரஸில் 3. பராபாசாரஸில் 4. கூரை கனக்கக் கனக்க உத்தரத்துக்கு முட்டுக் கொடுப்பது போலத்தான். கால்களும் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து தூணாகின்றன. நிமிர்ந்த காலில் எலும்பே பாரத்தைத் தாங்கும். மடங்கிய காலில் தசை தாங்க வேண்டும். சந்தேகமிருந்தால் பாதி உட்கார்ந்த நிலையில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள்.

ஆனால் இயற்கை ஒரே பாதையில்தான் போனது என்று நினைத்துவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் கிடைத்து 2018-இல் அறிவிக்கப்பட்ட லெடுமஹாடி, ஜுராசிக்கின் தொடக்கத்திலேயே 12 டன் எடையைத் தொட்டுவிட்டது. அதன் கால்களோ தூணாகவில்லை, மடங்கியேதான் இருந்தன. சாரோபாட் கிளைக்கு வெளியே, தனியாக, வேறு வழியில் பருத்த பெரியப்பா அது. பெரிதாவதற்கு இந்தக் குடும்பம் ஒரு தடவைக்கு மேல் முயன்றிருக்கிறது. நிலைத்தது தூண் கால்.

மெல்லாமல் விழுங்குவது

இத்தனை பெரிதாக இவற்றால் மட்டும் எப்படி முடிந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்தும் பாலூட்டிகளால் தரையில் இதன் பக்கத்தில்கூட வர முடியவில்லையே. இதற்குப் பல காரணங்களைக் கோர்த்துச் சொல்கிறார்கள். என் பார்வையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இவை மெல்லவில்லை.

யானையைப் பாருங்கள். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தின்பதிலேயே போகிறது. அரைக்க அம்மிக்கல் போன்ற கடைவாய்ப் பற்கள் வேண்டும். அவற்றைத் தாங்கக் கனத்த தாடை, தாடையை அசைக்கப் பெரிய தசை, தசை ஒட்டப் பெரிய மண்டை. அவ்வளவு கனத்த தலையை நீண்ட கழுத்தின் நுனியில் மாட்ட முடியாது. அதனால்தான் யானைக்குக் கழுத்துக்குப் பதில் தும்பிக்கை.

சாரோபாடோ இலையை உருவி, கிளை நுனியைக் கடித்து, அப்படியே விழுங்கிவிடும். பராபாசாரஸின் பல் கரண்டி வடிவம், விளிம்பில் தடித்த வெட்டுகள். அரைக்க உதவாது, உருவ உதவும். அரைக்காத வாய்க்குச் சின்ன மண்டை போதும். சின்ன மண்டைக்குக் கழுத்து எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். கழுத்து நீண்டால் உடம்பை நகர்த்தாமல் நின்ற இடத்திலிருந்தே சுற்றி உள்ளதையெல்லாம் மேயலாம். ஆட்டுக்காரர் கையிலுள்ள தொரட்டிக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் ஏறாமல், இடம் மாறாமல், எட்டாத கொப்பைக் கீழே இழுக்கிறது. சாரோபாட் அந்தத் தொரட்டியைப் பிறக்கும்போதே கொண்டு வந்துவிட்டது. பல டன் உடம்பை ஒவ்வொரு செடிக்கும் நடத்திக்கொண்டு போகும் செலவு மிச்சம்.

மெல்லாத தழை செரிக்க நேரமாகும். அதற்குப் பெரிய வயிறு வேண்டும். உள்ளே கிருமிகள் நாள்கணக்கில் அதை நொதிக்க வைக்கும். பெரிய வயிற்றுக்குப் பெரிய உடல். இப்படி ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போனது. கல்லை விழுங்கி வயிற்றுக்குள் தழையை அரைத்தன என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். தீக்கோழியின் இரைப்பைக் கற்களோடு ஒப்பிட்டு 2007-இல் பார்த்தார்கள். சாரோபாட்களோடு கிடைத்த கற்கள் அந்த வேலைக்குக் காணாது என்று தெரிந்தது.

தின்றது என்ன? பராபாசாரஸ் காலத்தில் புல் இல்லை, பூக்கும் மரம் எதுவுமே இல்லை. பெரணி, குதிரைவால் செடி, சைகஸ், ஊசியிலை மரங்கள், அவற்றில் ஒரு வகையான அரோகேரியா. (நம் ஊர் பங்களாக்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கிறார்களே, அதன் சொந்தம்தான்.) இந்தத் தழைகளில் என்ன சத்து இருக்கப் போகிறது என்று நினைப்போம். அசைபோடும் விலங்கின் இரைப்பைத் திரவத்தில் இவற்றை ஊறவைத்து, எவ்வளவு வாயு வருகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2008-இல் அளந்தார்கள். குதிரைவால் செடியும் அரோகேரியாவும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சக்தி கொடுத்தன. அரோகேரியாவுக்குக் கொஞ்சம் நாள் கூடுதலாக ஊற வேண்டும், அவ்வளவுதான். வயிறு பெரிதாக இருந்தவனுக்கு அவசரமில்லை.

மூச்சும் முட்டையும்

நீளக் கழுத்தில் ஒரு வில்லங்கம் உண்டு: மூச்சு. நீண்ட குழாய் வழியாக மூச்சு விட்டுப் பார்த்தால் தெரியும். விட்ட காற்றே குழாயில் தங்கி, அதையே திரும்ப இழுப்போம். பறவைகள் இதைக் காற்றுப்பைகளால் சமாளிக்கின்றன. நுரையீரலோடு இணைந்த பைகள் துருத்தி போல வேலை செய்து, காற்றை நுரையீரலில் ஒரே திசையில் ஓட விடுகின்றன. அந்தப் பைகளின் கிளைகள் எலும்புக்குள்ளும் நுழைந்து குழி பறிக்கும். கோழிக் குழம்பில் கழுத்தெலும்பை உடைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கூடான உட்புறம் தெரியும். சாரோபாட்களின் முள்ளெலும்புகளிலும் அதே குழிகள், அதே அறைகள். காற்றுப்பை அங்கேயும் இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. மூச்சுச் சிக்கலும் தீர்ந்தது, கழுத்தின் எடையும் குறைந்தது.

புரியோலெஸ்டிஸின் முள்ளெலும்பை ஸ்கேன் செய்தபோது இந்தக் குழிகள் இல்லை. மாக்ரோகோலத்தில் இருக்கின்றன. கழுத்து நீண்ட அதே கட்டத்தில் காற்றும் எலும்புக்குள் புகுந்துவிட்டது. பராபாசாரஸின் முள்ளெலும்புகளில் பக்கவாட்டுக் குழிகள் ஆழமில்லாமல்தான் இருக்கின்றன. பின்னால் வந்த சீனத்து மாமென்சிசாரஸில் எலும்பின் பெரும்பகுதி காற்றறைகளே. அதில் ஒரு இனத்தின் கழுத்து மட்டும் சுமார் 15 மீட்டர் என்று 2023-இல் கணக்கிட்டார்கள். நம் பராபாசாரஸ் தலை முதல் வால் வரை அதற்குள் அடங்கிவிடும்.

அடுத்தது முட்டை. யானை 22 மாதம் சுமந்து, 100 கிலோ எடையுள்ள ஒரே கன்றைப் போடுகிறது. உடல் இன்னும் பெரிதானால் பிள்ளைகள் இன்னும் குறையும். ஒரு பஞ்சம் வந்தால் இனமே எழுந்திருக்காது. முட்டையிடும் விலங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. தென்னாப்பிரிக்காவின் கோல்டன் கேட் மலைப்பகுதியில் 1976-இல் ஜேம்ஸ் கிட்சிங் கண்டெடுத்த, மாசோஸ்பாண்டிலஸ் என்ற பங்காளியின் முட்டைகள் சுமார் 6 சென்டிமீட்டர்தான், கோழிமுட்டையை ஒட்டிய அளவு. உள்ளே கருவின் எலும்புகள் அப்படியே இருந்தன. தாய் 4, 5 மீட்டர். 19 கோடி ஆண்டுப் பழசு. பின்னால் வந்த ராட்சதர்களின் முட்டைகூடக் கால்பந்தைத் தாண்டவில்லை. ஏராளமாக இட்டு, குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. எலும்பைச் சீவிப் பார்த்தால் மர வளையம் போல வளர்ச்சிக் கோடுகள் தெரியும். அவற்றின் இடைவெளி இந்த வேகத்தைக் காட்டுகிறது.

இவ்வளவு இருந்தும், ஜுராசிக்கின் முற்பகுதி வரை சாரோபாட்கள் இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை மட்டுமே. லாம்ப்லூசாரா, மாசோஸ்பாண்டிலஸ் போன்ற பங்காளிகள் பலர் கூடவே மேய்ந்துகொண்டிருந்தார்கள். சுமார் 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவின் தெற்கிலும் அண்டார்டிகாவிலும் நிலம் பிளந்து பெருமளவில் எரிமலைக் குழம்பு கொட்டியது. வெப்பம் ஏறியது, காடு மாறியது. தென்னமெரிக்காவின் தெற்கிலுள்ள படகோனியாவில் அந்தக் காலத்துப் பாறைகளில் பல வகைச் செடிகள் குறைந்து, சின்னச் செதில் இலையுள்ள ஊசியிலை மரங்கள் ஆட்சிக்கு வருவது தெரிகிறது. அங்கேயே 2020-இல் அறிவிக்கப்பட்ட பகுவாலியா, 17.9 கோடி ஆண்டுப் பழைய சாரோபாட், தடித்த எனாமல் பூசிய பற்களோடு நிற்கிறது. கடினமான தழையை உருவ அந்தப் பல் தாங்கும். மென்மையான செடிகளை நம்பியிருந்த பங்காளிகளுக்குத் தாங்கவில்லை போலும். அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் சாரோபாட்கள் மட்டுமே மிஞ்சின.

பராபாசாரஸ் இந்த மாற்றத்தை ஒட்டிய காலத்தில் வாழ்ந்த விலங்கு. அதனால் அதன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் 300 எலும்புகளில் மண்டை ஓடு இல்லை. சில பற்கள் மட்டும்தான். கோட்டாசாரஸின் 840 எலும்புகளிலும் அதே கதை. தோண்டியவர்கள் மேல் தப்பில்லை. மெல்லாத வாய்க்கு மெல்லிய எலும்பு போதும், அந்த மெல்லிய எலும்புக்குக் கழுத்தோடு பிடிப்பும் குறைவு. விலங்கு செத்து விழுந்ததும் முதலில் கழன்றது தலைதான். கோதாவரிப் பள்ளத்தாக்கின் அந்தப் பழைய வெள்ளம் தொடையெலும்புகளை விட்டுவிட்டு, லேசான தலைகளை மட்டும் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.